ஆயத்த வீடும் ஆயத்தமில்லாத விலையும்

தொழிற்சாலையிலேயே சுவர்களைச் செய்து, ஜன்னல்களையும் அவற்றில் பொருத்தி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, கிரேனின் உதவியால் இரண்டொரு நாட்களில் கூரை வரை நிறுத்திவிடுகிற ஆயத்த வீடு என்பது ஜெர்மனியில், அதிலும் நான் வசிக்கும் ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில், சர்வசாதாரணமான வஸ்து. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் புதிதாக எழும்பும் தனி வீடுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை இந்த ரகத்தைச் சேர்ந்தவையே. இவ்வளவு துரிதமாக எழும்பும் வீட்டின் விலையும் அதே துரிதத்தில் தெரிந்துவிடும் என்று எண்ணுவது மனித சுபாவம். சுவர் நிற்க இரண்டு நாள் போதும்தான். விலை ஓரிடத்தில் நிற்பது எப்போது என்பதை எந்த ஜோதிடராலும் கணித்துச் சொல்ல முடியாது.

பக்கத்து ஊரான ஃபெல்பாக்கில், மாதிரி வீடுகளை வரிசையாகக் கட்டிவைத்திருக்கும் வளாகம் ஒன்று உண்டு. அங்கே என் ஸ்ரீமதியோடு பிரவேசித்து, வழவழப்பான படிக்கட்டையும், தரையிலிருந்து உத்தரம் வரை நீண்ட கண்ணாடியையும் வியந்து நின்றபோது, விற்பனையாளர் மிகுந்த விநயத்தோடு, “விலைப்பட்டியலில் இருப்பது இதே வீடுதான், ஆனால் இங்கே நீங்கள் பார்ப்பவற்றில் பலவும் அதில் அடங்கா” என்றார். காண்பதெல்லாம் மாயை என்னும் தத்துவத்தை இவ்வளவு சுருக்கமாக உபதேசித்த ஆசாரியர் வேறொருவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகமே.

பிற்பாடு நிறுவனங்களின் மதிப்பீடுகள் தபாலில் வந்து குவிந்தன. அவற்றுள் எல்லாவற்றிலும் மலிவானதை ஆனந்தத்தோடு பிரித்துப் படித்தால், விலை ‘அஸ்திவாரத் தளத்தின் மேல்மட்டத்திலிருந்து’ என்று பொடியெழுத்தில் கண்டிருந்தது. அதாவது, அஸ்திவாரம் நம் பொறுப்பு. அதற்கு மேலே திரிசங்கு சொர்க்கம்போல் அந்தரத்தில் தொங்கும் வீடு மட்டும் அவர்கள் பொறுப்பு. இரண்டாமவர் அஸ்திவாரத்தைச் சேர்த்துக்கொண்டு, சுவருக்கு வர்ணத்தையும் தரைக்கு விரிப்பையும் விட்டுவிட்டார். மூன்றாமவரோ இவை யாவற்றையும் சேர்த்து, “சாவியைக் கையில் கொடுத்துவிடுவோம்” என்று சத்தியம் செய்தார். மண் பரிசோதனை, தோண்டிய மண்ணை அப்புறப்படுத்தும் கூலி, குடிநீர், மின்சாரம், சாக்கடை இணைப்புகள், சர்வேயர் கட்டணம் ஆகியவற்றைப் பற்றி மட்டும் மௌனம் சாதித்தார். இத்தகைய உபரிச் செலவுகளுக்குக் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை ஒதுக்கிவைப்பது அனுபவஸ்தர்களின் வழக்கம். மனை வாங்கும்போது மாநில அரசுக்கு 5 சதவீத வரி; மனையையும் வீட்டையும் ஒரே கையிலிருந்து சேர்த்து வாங்கினால் அந்த வரி வீட்டின் விலைக்கும் தாவிவிடும்.

நான் கூட்டல் கணக்கில் மூழ்கியிருக்கையில், ஸ்ரீமதி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “தாளிக்கிற புகை எங்கே போகும்?” காற்றுப் புகாதபடி கட்டிய வீடாகையால், புகையைக் கரி வடிகட்டியில் செலுத்திச் சுத்தமாக்கி, அதே சமையலறைக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று விற்பனையாளர் பெருமையோடு விளக்கினார். கடுகும் மிளகாய் வற்றலும் கலந்த புகையை அம்மனிதர் ஆயுளில் முகர்ந்ததில்லை என்பது வெளிப்படை. வெளியே போக்கும் குழாயை ஒருவர் விலையிலேயே அடக்கியிருந்தார். இன்னொருவர் தனிக் கட்டணம் கேட்டார். மற்றவர், ஒப்பந்தம் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். குழாய், கைப்பிடி, ஓடு, ஸ்விட்ச் ஆகியவற்றைத் தெரிவுசெய்யும் வைபவத்தைக் கையெழுத்து விழுந்த பிறகே வைத்துக்கொள்வது இத்தொழிலின் சம்பிரதாயம். பேரம் பேசும் பலம் கையைவிட்டுப் போன அந்த நன்னாளில்தான் ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் உபரி விலை இருப்பது தெரியவரும்.

மேதைகளும் இவ்வகைக் கணக்குக்கு விலக்கல்ல. 1929-இல் ஐன்ஸ்டைனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு வாசஸ்தலத்தைப் பரிசளிக்க பெர்லின் நகராட்சி முன்வந்தது. காட்டிய இடமெல்லாம் ஏதோ வில்லங்கத்தோடு வரவே, அவர் காபுத் கிராமத்தில் தாமே மனை வாங்கி, நீஸ்கி என்னும் ஊரின் மரவீட்டுத் தொழிற்சாலையில் பணியாற்றிய கொன்ராட் வாக்ஸ்மன் என்ற இளம் கட்டடக் கலைஞரைக் கொண்டு, தம் கைக்காசிலேயே மரவீடு கட்டிக்கொண்டார். பரிசாகக் கிடைக்கவிருந்த வீட்டுக்கே கதி இதுவென்றால், விலைக்கு வாங்கும் வீட்டைப் பற்றிக் கேட்பானேன்?

2018 முதல் ஜெர்மானியச் சட்டம் நம்மைப் போன்றவர்களுக்குச் சற்றே அனுகூலமாயிருக்கிறது: கையெழுத்துக்கு முன்பே கட்டுமான விவரத்தை எழுத்தில் கொடுத்தாக வேண்டும், நோட்டரி முன் முடிந்த ஒப்பந்தம் அல்லவாயின், மனம் மாறினால் 14 நாட்களுக்குள் விலகிக்கொள்ளலாம். ஆகவே, வீடு கட்ட உத்தேசித்துள்ள அன்பர்களே, ஒவ்வொரு மதிப்பீட்டிலும் எழுதியிருப்பதை ஒரு முறையும், எழுதாமல் விட்டிருப்பதை மும்முறையும் படியுங்கள். விட்டதையெல்லாம் விலையோடு எழுதி வாங்கிய பிறகே கூட்டுத்தொகைகளை ஒப்பிடுங்கள். மலிவான வீடு என்று ஒன்று கிடையாது; குறைவாக எழுதிய காகிதம்தான் உண்டு.