செருப்பு காப்பாற்றாது!

கேள்வி: எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. செருப்பு போட்டுக்கொண்டு திறந்தால் ஒன்றும் செய்வதில்லை. இது போதாதா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: செருப்பை நம்பி 230 வோல்ட்டோடு குடித்தனம் நடத்த முடியாதம்மா! ஈரக்காலோடு தண்ணீர் பாட்டில் எடுக்க ஓடும் குழந்தை செருப்பையா தேடும்? பிளக்கில் தடிமனாக, நீளமாக இருக்கும் மூன்றாவது பின் அழகுக்கு இல்லை. கசியும் மின்சாரத்தைப் பூமிக்கு அனுப்பும் எர்த் பின் அது. முதலில் நுழைந்து கடைசியில் கழலத்தான் அந்த நீளம். அதை உடைத்திருப்பார்கள், அல்லது சுவருக்குள் எர்த் வயரே இருக்காது. இன்றே மெயினை அணைத்துவிட்டு, விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டச் சொல்லுங்கள். கசிவு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அதுவே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஃபிரிட்ஜைத் திறந்தால் உடம்பு சிலிர்க்க வேண்டியது மோர் குடித்த பிறகுதான்!