பேய்க்கதை அண்ணாச்சி

தம்பானூரில் பேய்க்கு யாரும் பயப்படுவதில்லை. ஒரு பக்கம் ரயில் நிலையம், எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் நிலையம். ராத்திரி மூன்று மணிக்கும் சாயாவும் பழம்பொரியும் கிடைக்கிற இடத்தில் எந்த யட்சி வந்து நின்று யாரிடம் சுண்ணாம்பு கேட்பாள்? கேட்டாலும் நம்மாள் எந்த பஸ் என்று விசாரித்து, ஏழாம் நம்பர் தூணருகில் போய் நிற்கச் சொல்வான். இங்கே பயப்பட வேண்டிய ஆள் பேய்க்கதை எழுதுகிறவர்தான். அதுவும் புதுப் புத்தகம் வந்த மாதத்தில்.

நான் சொல்கிற அண்ணாச்சி ஒருவரல்ல. மஞ்சாலிக்குளம் ரோட்டுப் பக்கம் ஒருவர், வலியசாலையில் ஒருவர், கரமனையில் ஒருவர் என்று சாயலுக்கு ஆள் உண்டு. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், வயது அறுபதுக்கு மேல், ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற பென்ஷன். வீட்டில் லுங்கி, வெளியே கறுப்பு ஜிப்பா. நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். பின்னட்டையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுத்த படம். அதை எடுத்த ஸ்டூடியோவில் அப்போது கரண்ட் இருந்தது என்பது வேறு விஷயம்.

இவருடைய வசதி என்னவென்றால் தமிழ்நாட்டுக்குப் போனால் மலையாள மாந்திரீகம் தெரிந்த ஊர்க்காரர் என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். கேரளத்தில் இருந்தால் தமிழ் எழுத்தாளர் என்று கை கூப்புவார்கள். இரண்டு இடத்திலும் புத்தகத்தைப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் முதல் தாக்குதல். ரோஜாப்பூ, அதன் மேல் ஒரு மண்டை ஓடு, கீழே இனிய காலை வணக்கம். அதற்கும் கீழே அண்மையில் வெளிவந்தவை, விரைவில் வெளிவருபவை, கலந்துகொள்ளும் நிகழ்ச்சிகள் என்று மூன்று தலைப்பு. அண்மையில் வெளிவந்தவற்றில் இரண்டு, போன வருஷமும் அண்மையில் வெளிவந்தவை. பிரிண்ட் ஆன் டிமாண்ட் என்று ஒன்று வந்தபிறகு ஐம்பது பிரதிக்கே அட்டை மாற்றிப் போட முடிகிறது. அட்டையில் இருந்த பேய்க்குப் புடவை நிறம் மாறினால் இரண்டாம் பதிப்பு, முடி நீண்டால் மூன்றாம் பதிப்பு.

ஸ்டீபன் கிங்குக்கு 1985 முதல் 1989 வரை ‘காசில் ராக்’ என்று தனியே ஒரு செய்தி மடலே வந்துகொண்டிருந்தது. எந்தப் புத்தகம் வருகிறது, எது படமாகிறது என்பதுதான் அதன் சரக்கு. நடத்தியவர் அவருடைய மைத்துனி. இதை அண்ணாச்சியிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளே தன் கொழுந்தியாளை குரூப்பில் சேர்த்தார். பத்தே நிமிஷத்தில் அவர் வெளியேறினார். இப்போது செய்தி மடல் முழுக்க அண்ணாச்சியின் சொந்தப் பொறுப்பு.

வாட்ஸ்அப்பையாவது மியூட்டில் போடலாம். பஸ் நிலையத்தை ஒட்டி லாரி பேக்கர் கட்டிய காபி ஹவுஸில் மாட்டினால் தப்பிக்க வழியில்லை. சிவப்புக் கட்டடம், உள்ளே படிக்கட்டே கிடையாது, சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிற ஒரே பாதை, அதன் ஓரமாகவே மேஜைகள். அண்ணாச்சி உட்காருவது முதல் சுற்று முடிகிற இடத்தில். மேலே போகிறவனும் கீழே வருகிறவனும் அவர் முழங்கையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வேகம் கூட்டலாம் என்றால் தலைப்பாகையும் அகலப் பெல்ட்டும் கட்டிய பரிமாறுகிறவர் கையில் நாலு தட்டோடு எதிரே வருவார்.

“வாரும்வே. நியூஸ் ஒண்ணு இருக்கு.”

“அண்ணாச்சி, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“பஸ் என்ன, அரைமணிக்கு ஒண்ணு. நீலி மூணாம் பாகம் வந்தாச்சு, கேட்டீரா?”

அதற்குள் கட்லெட் வந்துவிடும். காபி ஹவுஸ் கட்லெட்டைப் பிளந்தால் பீட்ரூட் சிவப்பு தட்டெல்லாம் ஓடும். அண்ணாச்சி முள்கரண்டியால் குத்தி, நம் கண்ணையே பார்த்து, “நாலாவது அத்தியாயம் இப்படித்தான் தொடங்குது” என்பார்.  பேய்க்கதைக்காரர்கள் தம்பானூரை விட்டுப் போகாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீலி விஷயத்தில் அவரிடம் வாய் கொடுக்கக் கூடாது. நீலி என்ற யட்சியின் ஊரான கள்ளியங்காடு நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நீலியும் சேர்ந்துதான் போனாள் என்பது அவர் கட்சி. “ரேஷன் கார்டு அங்கே, சினிமா சான்ஸ் இங்கேயா?” என்று கேட்பார். 2025 ஆகஸ்டில் ‘லோகா’ வந்து, கள்ளியங்காட்டு நீலி சூப்பர் ஹீரோயினாகி, மலையாளப் படம் ஒன்று முதல்முறையாக உலக வசூலில் 300 கோடியைத் தாண்டியது. ஊரே கொண்டாடியது. அண்ணாச்சி மட்டும் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு செய்தி மடலில் ஒரு வரி வந்தது. நீலியை அவர் அதற்கு வெகுகாலம் முன்பே கையாண்டுவிட்டாராம். கையாண்டது உண்மைதான். அவர் நாவலில் நீலி பார்வதிபுரத்தில் பஸ் ஏறி, கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறைக்காக இரண்டு அத்தியாயம் சண்டை போடுவாள். பயமாக இருக்காது. ஆனால் சண்டை அசல்.

பேய்களுக்குக் கிடைக்கிற விளம்பரம் பேயை எழுதுகிறவனுக்குக் கிடைப்பதில்லை என்பது அண்ணாச்சியின் மனக்குறை. ஸ்ரீபத்மநாபசுவாமி கோயில் இங்கிருந்து நடை தூரம். 2011-இல் நிலவறைகளைத் திறந்து பார்த்தபோது பி அறையை மட்டும் திறக்கவில்லை. அங்கேதான் காஞ்ஞிரோட்டு யட்சி குடியிருக்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். “கதவைத் திறக்கல, ஒரு வார்த்தை பேசல, உலகப் பத்திரிகை பூரா நியூஸ். நான் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஒரு ரிப்போர்ட்டர் எட்டிப் பாக்கலியே?”

இந்தத் தொழிலில் எல்லாருக்கும் இப்படி அமைந்ததாகச் சொல்ல முடியாது. வாரப் பத்திரிகைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் கோட்டயம் புஷ்பநாத் ஒரே சமயத்தில் பல தொடர்கதைகளை ஓட்டினார். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். கார்பாத்தியன் மலையைக் கண்ணால் பார்க்காமலே அதன் குளிரை மலையாளிக்குக் காட்டினார். 2018-இல் அவர் காலமான செய்தி கேட்டு, கிடைத்த பழைய பிரதிகளைத் தேடி அலைந்தவர்கள் இந்த ஊரில் உண்டு. நம் பக்கத்தில் பி.டி. சாமியின் பேய்க்கதையைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விடாது கருப்பு’ டி.வி.யில் ஓடிய ராத்திரிகளில் தெருவே வெறிச்சென்று கிடந்தது. இவர்களில் யாரும் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ அனுப்பியதாகத் தெரியவில்லை. அனுப்பத் தேவையும் இருந்திருக்காது. வாசகன் வியாழக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தான். அண்ணாச்சியின் கதை இப்போது செல்போன் செயலியில் பாகம் பாகமாக வருகிறது. வாசகருக்கு அவர் காத்திருக்கிறார். ஓர் இதயக்குறி விழுந்தால் வீட்டில் பாயசம்.

போய்ப் பார்க்காமல் எழுதுவதில் மட்டும் அவர் முன்னோரைப் பின்பற்றுகிறார். பிராம் ஸ்டோக்கரும் டிரான்சில்வேனியாவை மிதிக்காமலேதான் 1897-இல் ‘டிராகுலா’வை வெளியிட்டார். லண்டனில் ஒரு நடிகரின் நாடகக் கொட்டகைக்கு மேனேஜராக இருந்து, ஊரான் புகழுக்கு நாள் முழுக்க உழைத்த மனிதர். 1912-இல் செத்தபோதுகூட டைம்ஸ் பத்திரிகை அந்த நடிகரைப் பற்றி அவர் எழுதிய நினைவுக் குறிப்பு நூலைத்தான் பெரிதாகச் சொன்னது. டிராகுலாவுக்கு அப்போது அவ்வளவு மதிப்பு. இதைச் சொன்னால் அண்ணாச்சிக்குக் கண் கலங்கும். போணக்காட்டு பங்களா என்று பேய் பெயரெடுத்த பங்களா ஒன்று நம் ஜில்லாவிலேயே தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. அதை வைத்து மூன்று நாவல் எழுதிவிட்டார். ஒரு முறையும் போனதில்லை. வளைவு ரோட்டில் பஸ் ஏறினால் குமட்டும்.

அவரை நிஜமாக நடுங்கவைப்பது துலாமாத மழைதான். அரைமணி நேரம் அடித்துப் பெய்தால் தம்பானூர் சந்திப்பில் தண்ணீர் நிற்கும். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போகிற ஆமயிழஞ்சான் தோடு என்கிற ஓடை நிறைந்தால் அதற்கும் வேறு போக்கிடமில்லை. 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று பெயர் வைத்துத் தோண்டிப் பார்த்தார்கள். அண்ணாச்சி குடியிருப்பது தரைத்தளம். விற்காத பிரதிகள் பழுப்புத் தாளில் கட்டிய கட்டுகளாகக் கட்டிலுக்கு அடியில் இருக்கும். வானம் இருண்டதும் கட்டு ஒவ்வொன்றாகக் கட்டிலின் மேல் ஏறும். கடைசியில் கட்டிலில் ‘ரத்தக் குளம்’, ‘நள்ளிரவில் நீலி’, ‘சுடுகாட்டுச் சுந்தரி’ எல்லாம் வரிசையாகப் படுத்திருக்க, ஆசிரியரும் மனைவியும் பிளாஸ்டிக் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பார்கள். அவர் புத்தகத்தால் ஒரு குடும்பம் தூங்காமல் இருப்பது அந்த ராத்திரிகளில்தான். சொன்னது அந்த அம்மாள்.

இனி நிகழ்ச்சிகளுக்கு வருவோம். இந்த ஊரில் கூட்டம் என்றால் நோட்டீஸ் முக்கியம். பிரார்த்தனை, ஸ்வாகதம், அத்யக்ஷன், உத்காடனம், பிறகு ஆசம்ச எனப்படும் வாழ்த்துரை என்று வரிசை. ஆசம்ச என்ற இடத்தில் எத்தனை பெயரையும் அடுக்கலாம். ரெசிடென்ஸ் அசோசியேஷன் ஓண விழாவில் அண்ணாச்சி அங்கே ஏழாவது. அவர் மைக்கைப் பிடிக்கும்போது பின்னால் வடம்வலி என்கிற கயிறிழுப்புக்கு ஆள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். எல்லாப் பேச்சையும் ஒரே மாதிரிதான் தொடங்குவார். ‘காஞ்சனை’ எழுதிய புதுமைப்பித்தன் 1948-இல் கண் மூடியது இதே திருவனந்தபுரத்தில்தான் என்று சொல்லி, சற்று நிறுத்தி, கூட்டத்தைப் பார்ப்பார். மீதியை நாமே யூகித்துக்கொள்ள வேண்டும்.

போன ஓணத்தில் அவர் இருட்டு, சுடலை, ஊளை என்று ஏற்றிக்கொண்டே போனபோது முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்து, “அங்கிள், மாவேலி எப்போ வரும்?” என்று கேட்டது. கேள்வியில் நியாயம் இருந்தது. வருஷம் ஒருமுறை பாதாளத்திலிருந்து எழுந்து வருகிற ராஜாவை வாசலில் பூக்கோலம் போட்டு வரவேற்கிற ஜனம் இது. அவர் பெயரில் ரயில் ஓடுகிறது, மலிவு விலைக் கடை நடக்கிறது. கீழேயிருந்து வருகிறவர்களை இங்கே யாரும் பேய் என்று நினைப்பதில்லை, விருந்தாளி என்றுதான் நினைக்கிறார்கள். அண்ணாச்சியின் தொழிலுக்கு இதைவிடப் பாழாய்ப்போன மண் கிடையாது.

டிசம்பரில் திரைப்பட விழா. தம்பானூரில் கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர் வாசலில் டெலிகேட் அட்டையைத் தொங்கவிட்ட இளசுகள் கியூவில் நிற்கும். அண்ணாச்சி அந்தக் கியூ நெடுக நோட்டீஸ் கொடுப்பார். கொரியப் படத்துக்கு நிற்கிறவன் அதை வாங்கி மடித்து விசிறிக்கொள்வான். 2023-இல் நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் நடுராத்திரி ‘தி எக்ஸார்சிஸ்ட்’ போட்டார்கள். போயிருந்தார். மறுநாள் செய்தி மடலில், சர்வதேச விழாவில் நள்ளிரவு திகில் நிகழ்ச்சியில் பங்கேற்பு என்று வந்தது. படம் முழுக்கத் துணிப்பையை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார் என்பது கூடப் போன மகன் கொடுத்த கூடுதல் தகவல்.

ஆனாலும் மனிதர் சளைக்க மாட்டார். சாயங்காலமானால் பையில் பத்துப் பிரதியோடு ரயில் நிலையத்துக்குப் போவார். மலையாளியிடம் தமிழ்ப் புத்தகம் போகாது. தமிழ்நாட்டுக்குப் போகிற வண்டி எது, அதில் தனியாகப் போகிறவர் யார் என்று பார்ப்பார். அண்மையில் அமிர்தா எக்ஸ்பிரஸில் ஒரு பொள்ளாச்சிக்காரர் சிக்கினார்.

“இதைப் படிச்சாத் தூக்கம் வராதுங்களா?”

“சத்தியமா வராது. நான் காரண்டி.”

“அப்ப ஒண்ணு குடுங்க. விடியறதுக்கு முன்னாடி பொள்ளாச்சியில எறங்கோணும். போன தடவை தூங்கிப்போட்டனுங்க.”

பேரம் பேசாமல் வாங்கிய முதல் வாசகர். அண்ணாச்சி கையெழுத்துப் போட்டு, அடியில் செல்போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலையில் அந்த நம்பருக்கு அழைப்பு வந்தது. வண்டி கோட்டயம் தாண்டுவதற்குள் புத்தகம் நெஞ்சின்மேல் கவிழ்ந்துவிட்டதாம். கண்ணைத் திறந்தால் பழனி. வந்தது வந்தாயிற்று, முருகன் கூப்பிட்டிருக்கிறான் என்று முடியிறக்கி மலையும் ஏறிவிட்டாராம். திட்டத்தான் அழைத்திருக்கிறார். பாதியில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூவும் மண்டை ஓடும் வந்தன. கீழே செய்தி: “நள்ளிரவில் நீலி நாவலை ரயிலில் படித்த பொள்ளாச்சி வாசகர் ஒருவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பழனிக்குச் சென்று மொட்டை அடித்துக்கொண்டார். சில பிரதிகளே உள்ளன.”