ரவை எங்கல?

ஏலே தம்பி, உப்புமா கிண்டப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதியாம். நல்ல காரியம்தான். பட்டணத்துல தனியா ரூம் எடுத்து, வேளாவேளைக்கு போனைத் தட்டித் தட்டித் தின்னவன், ஒரு நாளாவது நாமளே அடுப்பப் பத்தவைப்போம்னு நெனச்சது பெருசு. நான் குறை சொல்லல. ஆனா இந்த மேடையில பரத்தி வச்சிருக்கியே, இதெல்லாம் என்னல?

கிராம் கணக்குல எடை பாக்க ஒரு மெஷினு. ரவைய நிறுக்கப் போறியா, தாலி செய்யப் போறியா? ஒட்டாத சட்டி. அதுக்குன்னு மரக்கரண்டி தனி, ரப்பர் கரண்டி தனி. கண்ணாடிக் கிண்ணம் ஏழெட்டு. ஒண்ணுல ஒரு சிட்டிகை கடுகு, ஒண்ணுல நாலு கருவேப்பிலை. எதுத்தாப்புல போனை நிறுத்த ஒரு மூணுகாலு. எல்லாம் இருக்கு, சரி. ரவை எங்கல?

முழிக்கே பாரு. போ, தெருமுனைக் கடையில பம்பாய் ரவைன்னு கேட்டு அரைக்கிலோ வாங்கிட்டு வா. மத்ததெல்லாம் வாங்க ஒரு வாரம் எடுத்திருப்பே. இதுக்கு அஞ்சு நிமிசம்.

வந்துட்டியா? அந்த ரோசாக் கலரு உப்பு யாருது? ஒன்னுதா? இமயமலை உப்பாம்ல! அதை வெட்டி எடுக்கது பாகிஸ்தான் பஞ்சாபுல, கேவ்ரா சுரங்கத்துல. இமயமலை அங்கேயிருந்து எம்புட்டோ தள்ளி நிக்கு. அந்த ரோசாக் கலரு எதுல இருந்து வருதுன்னு கேட்டியா? இரும்புத் துரு. ஏலே, நீ எந்த ஊருக்காரன்? தூத்துக்குடி சீமைக்காரன்லா? நாட்டுல உப்பு வெளையிறதுல குஜராத்துக்கு அடுத்தாப்புல நம்ம தமிழ்நாடு, அதுல முக்காவாசி நம்ம பக்கத்து அளத்துல வாருனது. பூமிக்குள்ள கெடக்க உப்புத்தண்ணிய எறச்சுப் பாத்தியில பாய்ச்சி, சுடுவெயில்ல காலு வெடிக்க நின்னு வாருதாக சனங்க. அதுல அயோடினையும் சேத்து, கொஞ்சத் துட்டுக்கு எல்லாக் கடையிலயும் தாரான். அதை விட்டுட்டுக் கலரு பாத்து வாங்கியிருக்கே. உப்பு கரிச்சாப் போதாதா? வயித்துக்குள்ள வெளக்கப் போட்டாப் பாக்கப் போறே?

சரி, சவத்த விடு. சட்டிய வை. தீய எறக்கு. ரவைய மொதல்ல வறுக்கணும். பாக்கெட்டுல வறுத்த ரவைன்னு அச்சடிச்சிருந்தாலும் ஒருக்கச் சூடு காட்டு. அந்நேரம் பாத்துத்தான் ஒனக்குப் போனு வரும். வரட்டும், எடுக்காத. நெறம் மாறட்டும்னும் காத்திருக்காத. நெறம் மாறுததுக்கு முன்னாடியே வாசம் வந்துரும். கரண்டியில அள்ளிக் கவுத்தா ஒட்டாமச் சரசரன்னு உதிரும். ஒடனே தட்டுல கொட்டிப்புடு. அடுப்ப அமத்திட்டேன்லான்னு சட்டியிலயே விட்டேன்னா, சட்டிச் சூட்டுலயே கருகிப்போகும். பொறவு, சட்டி சரியில்லைம்பே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

இப்ப எண்ணெய். ரெண்டு கரண்டி. ஏலே ஏலே, அது என்னத்த நீட்டுதே? காய்ச்சலுக்கு நெத்தியில காட்டுவாகளே, அதையா? எண்ணெய்க்குக் காய்ச்சலா? ரெண்டு கடுகப் போட்டுப் பாரு. வெடிச்சா காஞ்சிருக்கு, சும்மா கெடந்தா காயல. கடுகுக்குள்ள இருக்க ஈரம் ஆவியாகித் தோலை ஒடைக்கிற சத்தம்தான் அது. எண்ணெயே வாயத் தொறந்து சொல்லுது, ஒனக்கு மெஷினு எதுக்குல?

உளுந்தும் கடலைப்பருப்பும் செவக்கட்டும். மொளகாயக் கீறிப் போடு, இஞ்சியத் தட்டிப் போடு. ஈரக் கருவேப்பிலையப் போடும்போது மூஞ்சியச் சட்டிக்குள்ள நீட்டாத. படம் புடிக்கேன்னு குனிஞ்சே, பொறவு மூஞ்சியத்தான் படம் புடிச்சு டாக்டருக்கு அனுப்பணும். வெங்காயம் வதங்கட்டும். கேரமலைஸ் ஆகணுமா தாத்தாங்கே. வதங்குனாப் போதும்ல. பேரு என்னவாச்சும் இருந்துட்டுப் போட்டும்.

தண்ணி எம்புட்டு? ரவைய எந்த டம்ளர்ல அளந்தியோ அதே டம்ளர்ல ரெண்டரை. அளவு மெஷினத் தூர வை. கொதிச்சதும் உப்பப் போட்டு, ஒரு சொட்ட உள்ளங்கையில விட்டு ஊதி நக்கிப் பாரு. கூச்சப்படாத, யாரும் பாக்கல. அந்த மூணுகாலைத் திருப்பி வச்சிட்டேன். உப்பு ஒரு பொட்டு தூக்கலா இருக்கணும். ரவை விழுந்ததும் எறங்கிரும்.

இனிமேத்தான் ஒன் வித்தை. தண்ணி தளதளன்னு கொதிக்கையில தீயக் கொறச்சுக்கோ. வலது கையில கரண்டி, இடது கையில ரவை. பையப் பைய மழைச்சாரலாத் தூவு. அந்தக் கை தூவத் தூவ இந்தக் கை கிண்டிக்கிட்டே இருக்கணும். ரெண்டு கைக்கும் சோலி இருக்குல்லா? அப்ப போனை எந்தக் கையில புடிப்பே? ஒரே சாட்டமாக் கொட்டுனேன்னா என்ன ஆகும் தெரியுமா? வெளியில இருக்க ரவை சூட்டுல ஒடனே வெந்து பசையாகி மூடிக்கிடும். உள்ள இருக்கதுக்குத் தண்ணி போவாது. கட்டிய ஒடைச்சுப் பாரு, நடுவுல வெள்ளை வெளேர்னு பச்ச ரவை இருக்கும். மொதல்ல வறுக்கச் சொன்னது எதுக்குங்கே? ஈரம் போன ரவை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. கட்டி தட்டாது. ரெண்டும் ஒரே சங்கதிதான்ல.

கெட்டியானதும் 'தப்பு தப்பு'ன்னு குமிழு வெடிச்சுக் கையில தெறிக்கும். பயப்படாத. மூடி வச்சு, தீய இன்னும் எறக்கிட்டு நில்லு. டைமர் வைக்காத, நான் ஒரு கதை சொல்லுதேன். கதை முடியவும் அது வேகவும் சரியா இருக்கும்.

நான் பள்ளிக்கூடம் போன அறுபதுகள்ல மத்தியானச் சாப்பாடு போட்டாக. 'கேர்'னு எழுதுன மூட்டையில அமெரிக்காவுல இருந்து தானியம் வரும். அதுல மஞ்சமஞ்சேர்னு உப்புமா கிண்டி ஊத்துவாக. வரிசையில நின்னு வாங்கித் தின்னோம். ஒருத்தனும் ருசி பத்திப் பேசல, ரெண்டாந்தரம் கெடைக்குமான்னுதான் பேச்சு. பொறவு ஒரு வேடிக்கை நடந்துச்சு. மும்பையில பொறந்த ஃபிளாய்ட் கார்டோஸ்னு ஒரு சமையல்காரரு. 2011-ல அமெரிக்கா டீவியில 'டாப் செஃப் மாஸ்டர்ஸ்'னு போட்டி. கடைசிச் சுத்துல அவரு எதைச் சமைச்சாருங்கே? காளான் போட்ட உப்புமாவ! லட்சம் டாலர் ஜெயிச்சு, அதைப் புத்துநோய் ஆராய்ச்சிக்குக் குடுத்தாரு மவராசன். அங்க இருந்து தானியம் வந்துச்சு, இங்க இருந்து உப்புமா போச்சு. கணக்கு நேராயிட்டு. வீட்டுல ஒங்கம்மா இதே உப்புமாவ வச்சா மட்டும் மூஞ்சியச் சுளிப்பியே, ஏம்ல?

இன்னொண்ணும் கேளு. 2022 செப்டம்பர்ல மதுரையில முதலமைச்சர் காலை உணவுத் திட்டம்னு தொடங்குனாகல்லா. மொதமொத போட்ட பட்டியல்லயே உப்புமா உண்டு. மகளிர் குழுப் பொம்பளைக விடியுமுன்ன அண்டா அண்டாவாக் கிண்டுதாக. மெஷினும் இல்ல, மூணுகாலும் இல்ல. ஒண்ணாங்கிளாஸ் புள்ள தின்னு கையக் கழுவிட்டு 'அ, ஆ' எழுத ஒக்காந்துட்டு. நீ இன்னும் பல்லு வெளக்கலைன்னு நெனைக்கேன்.

மூடியத் தொற. ஆவி அடிக்கும், மூடிய ஒன் பக்கமாத் தொறக்காம அந்தப் பக்கமாச் சாய்ச்சுத் தொற. ஒரு கரண்டி நெய்ய ஊத்திக் கிளறு. நெய் இல்லையா? அதுவும் மறந்துட்டியா? சரி, நல்லெண்ணெய் போதும்.

அங்கன பாரு, கோலிக்குண்டு கணக்கா நாலு கட்டி கெடக்கு. கரண்டியால அமுக்கு, ஒடைஞ்சிரும். ஒடையாதது எனக்கு. தொட்டுக்க என்னன்னு மறுபடியும் போனை எடுக்காத. ஒரு கரண்டி சீனி, இல்லைன்னா வாழைப்பழம். எலுமிச்ச ஊறுகா இருந்தா அது ராசபோகம். படம் புடிக்கணும்னா ஒண்ணு புடிச்சுக்கோ. சாய்ச்சு ஒண்ணு, நேரா ஒண்ணு, சன்னலத் தொறந்து ஒண்ணுன்னு எடுத்தேன்னா, ஆறிக் கல்லாப் போன உப்புமாவத்தான் தின்னணும். சூடா வாயில போடு.

எப்படி இருக்கு? உப்பு சரியா இருக்குல்லா? எனக்கு இன்னொரு கரண்டி வை.

ஏலே, அந்தச் சட்டியத் தூக்கி எங்கன வைக்கே? தண்ணிய ஊத்தி ஊறப்போடு. ரவை காஞ்சுதுன்னா நாளைக்கு உளியக் கொண்டாந்தாத்தான் போவும். தாத்தா கழுவித் தருவாருன்னு பாக்கியோ? எனக்கு மாத்திரை போடுத நேரமாச்சு, நான் வாரேன்.