பாரம்பரியப் பெட்டி, அசல் வேண்டுமா?

ஈப்போ வழியாக 2024 முதல் மறுபடியும் ஒரு துரைமார் ரயில் போகிறது. பெயர் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் எக்ஸ்பிரஸ். பச்சையும் பாலாடை நிறமும் பூசிய பெட்டிகள், மரவேலைப்பாட்டுச் சுவர், வெள்ளை விரிப்பு, பியானோ, கடைசியில் காற்று வாங்கத் திறந்த தாழ்வாரம். அந்தக்கால மலாயாவாம்!

இந்த 'அந்தக்காலம்' பிறந்தது 1970களின் தொடக்கத்தில், ஜப்பானில். நியூசிலாந்தின் சில்வர் ஸ்டார் இரவு ரயிலுக்காகச் செய்த பெட்டிகள் இவை. 1979இல் அந்த ரயில் நின்றுபோனது. பிறகு பெட்டிகளை வாங்கி, உள்ளே பலகை பதித்து, 1993இல் இங்கே ஓடவிட்டார்கள். அலங்காரத்துக்கு முன்மாதிரி 1932இல் வந்த 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' என்ற ஹாலிவுட் படம். பாரம்பரியம் சினிமாக் கொட்டகையிலிருந்து வந்திருக்கிறது.

போலி என்பதல்ல என் கோபம். காசுள்ளவன் நாடகத்துக்குள் படுத்துத் தூங்கிவிட்டுப் போகட்டும். ஆனால் பேராக் தோட்டத்துத் தமிழனுக்கும் இந்தப் பாதையில் ஒரு பாரம்பரியப் பெட்டி உண்டு. அதை ஏன் யாரும் நகல் எடுக்கவில்லை?

செய்முறை சொல்கிறேன், செலவு கம்மி. ஒரு மூடிய கூட்ஸ் பெட்டி போதும். ஜன்னல் வேண்டாம், கக்கூஸ் வேண்டாம், இருக்கையும் வேண்டாம். பகலில் தகரம் கொதிக்கும், அதற்குக் கட்டணம் இல்லை. ஆட்களை நிற்க இடமில்லாமல் அடைத்து, நாள்கணக்கில் ஓட்ட வேண்டும். வரவேற்பு நிகழ்ச்சியாக இலவசப் படம். 1943இல் ஜப்பான்காரன் அப்படித்தான் சில இடங்களில் கூட்டம் சேர்த்தான். படம் பார்க்க வந்தவர்களை வளைத்துப் பிடித்து ரயிலேற்றினான். மற்ற தோட்டங்களில் கிராணியிடம் பேர் கேட்டான். நல்ல சம்பளம், மூன்றே மாதம், திரும்பிவிடலாம் என்றான்.

சேரும் இடம் சயாம், வேலை அங்கிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரனுக்காக ரயில் பாதை போடுவது. மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் பால்மரம் சீவிய தமிழர்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் தின்றதுபோக, 415 கிலோமீட்டர் பாதை அந்த ஆண்டு அக்டோபரில் முடிந்தது. பல்லாயிரம் பேர் வீடு திரும்பவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. பாங்காக் வரை ஓடிய நாட்களில் சொகுசு ரயில் அந்தச் சயாம் பாதையில் உள்ள காஞ்சனபுரியில் நிற்கும். விருந்தாளிகள் இறங்கி குவாய் ஆற்றுப் பாலத்தை ரசித்துவிட்டு, குளுகுளு பெட்டிக்குத் திரும்புவார்கள். அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேர் வரிசையாகக் கிடக்கிறார்கள். வெட்டிய புல், பூச்செடி, வெண்கலத் தகட்டில் பெயர். சுங்கை சிப்புட்டிலிருந்து போன ராமசாமிக்கு அந்த வரிசையில் இடமில்லை. பாதை போட வந்த கூலிக்குப் பெயர் எதற்கு?

கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்து 1917இல் கட்டி முடித்த ஈப்போ ரயில் நிலையத்தைத் தாஜ்மகால் என்று பீற்றிக்கொள்கிறோம். அதன் ஓரத்துத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் பெட்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வையுங்கள் என்று ரயில்வேக்கு எழுதுங்கள். சயாமுக்குப் போன உங்கள் தாத்தாவின் பெயரையும் அவருடைய தோட்டத்தின் பெயரையும் அந்தக் கடிதத்தில் சேருங்கள்.