காக்காய்ப்பொன்னுக்கு மாற்றுப் பார்த்த கதை

38 ஆண்டுகள் ஒரு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக உட்கார்ந்து, ஊராருடைய தாலிச் சரடு முதல் தண்டட்டி வரையில் சகலத்தையும் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, ஓய்வு பெற்ற பின்னும் எந்த வஸ்துவைக் கண்டாலும் முதற்காரியமாகக் கையில் தூக்கிக் கனம் பார்க்கும் வழக்கத்தைக் கைவிடாத சைதாப்பேட்டைப் பெரியப்பாவிடம், கண்ணிமைக்குத் தீட்டும் 18 வர்ணப் பொடிகள் அடங்கிய ‘லிமிடெட் எடிஷன்’ பேலட் ஒன்றைக் கொண்டுபோய் அபிப்பிராயம் கேட்டது மைதிலியின் பிசகு என்றுதான் சொல்ல வேண்டும். அபிப்பிராயம் சொல்ல ஒப்புக்கொண்டது பெரியவருடைய பிசகு.

பெரியப்பா: பெட்டியோடு 310 கிராம் காட்டுகிறது தராசு. உள்ளே சரக்கு எவ்வளவு?

மைதிலி: ஒரு கிண்ணத்துக்கு 1.2 கிராம், பெரியப்பா. பின்பக்கம் அச்சிட்டிருக்கிறார்கள்.

பெரியப்பா: ஆக மொத்தம் 21.6 கிராம், மூன்று பவுனுக்கும் குறைவு. கல்லைக் கழித்து, அரக்கைக் கழித்து, அழுக்கையும் கழித்து நிகர எடை எழுதிப் பழகியவன் நான், ஆயினும், 288.4 கிராமைக் கழிவு என்று தள்ள வேண்டிய ஓர் ஆபரணத்தை என் ஆயுளில் இன்றுதான் தரிசிக்கிறேன். விலை?

மைதிலி: 6,480 ரூபாய்.

பெரியப்பா: கிராம் 300! செய்கூலி பலமாக இருக்கும்போல் இருக்கிறதே.

மைதிலி: செய்கூலி அல்ல, பெரியப்பா, அபூர்வம். வரையறுத்த பதிப்பு, தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி செய்யமாட்டார்கள்.

பெரியப்பா: எத்தனை பெட்டிகளோடு நிறுத்திக்கொண்டார்களாம்?

மைதிலி: அதைச் சொல்லவில்லை.

பெரியப்பா: எண்ணிக்கைக்கு அகப்படாததை அனந்தம் என்று சொல்லும் சாஸ்திரத்தைத்தான் நான் அறிவேன், எண்ணிக்கையே சொல்லாமல் ‘வரையறுத்தது’ என்று சொல்லும் சாஸ்திரம் நூதனமானது. போகட்டும், வாங்கி எத்தனை நாள் ஆயிற்று?

மைதிலி: மூன்று மாதம்.

பெரியப்பா: ஒரு கிண்ணத்திலும் விரல் பட்ட அடையாளம் இல்லையே!

மைதிலி: எப்படித் தொடுவது? நடுக் கிண்ணத்தில் மயில் அச்சுப் பதித்திருக்கிறது. தொட்டால் தோகை அழிந்துவிடும்.

பெரியப்பா: பூசினால் அழிந்துவிடும் என்பதற்காகப் பூசாமல் வைத்திருக்கும் பூச்சு. சரி, முத்திரையைப் பார்ப்போம். (பூதக்கண்ணாடியை எடுக்கிறார்.) நகையில் 916 என்று இருக்கும், இங்கே 77491, 75470, 77891, 77019 என்று ரயில் வண்டி எண்களைப்போல் அடுக்கியிருக்கிறதே, இவை என்ன?

மைதிலி: நிறங்களுக்கான சர்வதேசக் குறியீட்டு எண்கள். அதோ அந்தச் செம்மண் நிறம், ‘அந்தி நேர ரகசியம்’ என்று பெயரிட்டிருக்கிறார்களே, அதில் இருப்பது 77491, இரும்பு ஆக்ஸைடு.

பெரியப்பா: துரு என்று சொல். என் ஜன்னல் கம்பியில் அந்த ரகசியம் 20 வருஷமாகப் பகிரங்கமாகவே இருக்கிறது. இந்தச் சிவப்பு?

மைதிலி: 75470, கார்மைன். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்ற பூச்சியை உலர்த்தி எடுப்பது. ஒரு பவுண்டு உலர்ந்த சரக்குக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும் என்கிறார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், மெக்ஸிகோவிலிருந்து ஸ்பானியர்கள் அனுபவித்து வந்த ஏகபோகத்தை உடைப்பதற்காக, கம்பெனி வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித் தோட்டம் போடச் செய்தது உங்களுடைய இந்தச் சைதாப்பேட்டையில்தான்.

பெரியப்பா: ஏகபோகம் உடைந்ததா?

மைதிலி: வந்து சேர்ந்தது மட்டரகப் பூச்சி. சாயம் சொற்பம், கள்ளியைத் தின்னும் பசியோ அபாரம்.

பெரியப்பா: சைதாப்பேட்டையில் இறங்கும் சரக்கு அன்றைக்கே இரண்டாம் தரந்தானா! நல்லது. மயில் கிண்ணத்தில் முதலில் நிற்கும் 77019?

மைதிலி: மைக்கா.

பெரியப்பா: தமிழில் சொல், அம்மா.

மைதிலி: அப்பிரகம்.

பெரியப்பா: அதற்கும் எளிய தமிழில் நான் சொல்லுகிறேன்: காக்காய்ப்பொன்! இத்தனை வருஷத்தில் கவரிங் கொண்டு வந்தவர்களுண்டு, செம்புக்கு முலாம் பூசிக் கொண்டு வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற கெட்டிக்காரர்களுண்டு; காக்காய்ப்பொன்னை அந்தப் பெயராலேயே விலைகொடுத்து வாங்கி, அதற்கு மாற்றுப் பார்க்கச் சொல்லும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. எந்தச் சீமையில் வெட்டுகிறார்கள்?

மைதிலி: நம் தேசத்திலும் உண்டு, ஜார்க்கண்டில், கோடர்மாப் பக்கத்துக் காடுகளில். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் அங்கே கூடையில் பொறுக்குகிறார்கள் என்று பத்திரிகையில் படித்தபோது மனசுக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

பெரியப்பா: சங்கடப்பட்டு?

மைதிலி: ...வாங்கினேன்.

பெரியப்பா: செய்கூலி யாருக்குப் போயிற்று என்பதைக் கேட்காமல் விட்டுவிடுகிறேன்.

மைதிலி: ஏளனம் போதும், பெரியப்பா. எகிப்தில் கண்ணுக்குத் தீட்டும் மையை அரைப்பதற்கென்றே கல்லில் பேலட் செய்தார்கள். நார்மர் என்ற அரசனுடையது 5,000 வருஷத்துக்கு முந்தியது. 64 சென்டிமீட்டர் உயரம். கெய்ரோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. இரண்டு விசித்திர மிருகங்களின் நெடுங்கழுத்துகள் ஒன்றோடொன்று பின்னி நடுவில் ஒரு வட்டக் குழியை உண்டாக்குகின்றன. மை அரைக்கும் இடம் அதுதான்.

பெரியப்பா: அரசன் அதில் அரைத்தானா?

மைதிலி: நித்தியப்படி உபயோகத்துக்கு அல்லவாம். கோயிலில் வைப்பதற்காகச் செய்தது என்கிறார்கள்.

பெரியப்பா: ஆகவே, பேலட்டைத் தொடாமல் வைத்துக் கும்பிடுவது 5,000 வருஷத்துச் சம்பிரதாயம். உன்னைக் குறை சொன்னது என் அறியாமை.

மைதிலி: பெரியம்மாவின் காசுமாலை எந்தக் கோயிலில் இருக்கிறது?

பெரியப்பா: அது ஆஸ்தி.

மைதிலி: வாடகை கொடுத்து இருட்டில் பூட்டி, வருஷத்துக்கு ஒரு தரம் ஆட்டோ பிடித்துப் போய், இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து, இருக்கிறதைக் கண்டு திருப்தியடைந்து, மறுபடியும் பூட்டிவிட்டு வருகிற ஆஸ்தி. என் மயிலையாவது நான் தினந்தோறும் திறந்து பார்க்கிறேன்.

பெரியப்பா: (தொண்டையைக் கனைத்து) பரிசோதனைக்கு வருவோம். உன் உரைகல் எங்கே?

மைதிலி: இதோ, என் முன்கைதான். இதை ஸ்வாட்ச் பார்ப்பது என்போம். வெளிறிய அடிப்பூச்சு ஒன்றைத் தடவிக்கொண்டு அதன்மேல் ஒரு கீற்று. ஓரத்திலிருந்து, தோகையில் படாமல்... ஐயோ, இது என்ன, சாம்பல் பூத்த மாதிரி!

பெரியப்பா: கீற்றாக நிற்பது போக, பாக்கி உன் பாவாடையில் உதிர்ந்து கிடக்கிறதே?

மைதிலி: ஃபால் அவுட். பளபளப்பு ரகங்களில் கொஞ்சம் உதிரத்தான் செய்யும்.

பெரியப்பா: அதற்கு எங்கள் தொழிலில் சேதாரம் என்று பெயர். செய்கூலி உண்டு, சேதாரம் உண்டு, தங்கம் மட்டும் இல்லை. இருந்தாலும், உன் கையை நம்பித் தீர்ப்பெழுதினால் அது ஒருதலைப்பட்சமாகிவிடும். அலமாரியில் என் கல்லும் திராவகச் சீசாவும் இருக்கின்றன, எடுத்து வா. அந்தக் கல் யாருக்காகவும் பொய் சொன்னதில்லை.

(அதே ஓரத்திலிருந்து விரல் நுனியால் எடுத்த துளிப் பொடியைக் கரிய உரைகல்லின்மேல் தேய்க்கிறார். பேச்சு நின்றுபோகிறது. கல்லை ஜன்னல் பக்கம் சாய்க்கிறார், மயிற்கழுத்தின் நீலப்பச்சை. மறுபக்கம் சாய்க்கிறார், ஊதா.)

மைதிலி: கறுப்பின் மேல்தான் இதற்கு உயிர் வரும், பெரியப்பா! அந்த 77891 டைட்டானியம் டை ஆக்ஸைடு. அப்பிரகச் செதிலின்மேல் அதை மெல்லிய படலமாகப் பூசியிருக்கிறார்கள். மழைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் வானவில் தெரிகிறதே, அதே விந்தைதான். வெள்ளை அடிப்பூச்சு மற்ற ஒளியையெல்லாம் கூடவே திருப்பியனுப்பி நிறத்தை மங்க அடித்துவிட்டது. உங்கள் கல் அந்த ஒளியை விழுங்கிவிட்டது.

பெரியப்பா: அவசரப்படாதே, திராவகம் பாக்கி இருக்கிறது. பித்தளையாயிருந்தால் பச்சையாக நுரைத்துக் கரைந்து போகும். போகாமல் நிற்பதைத்தான் தங்கம் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன். (ஒரு சொட்டு விடுகிறார். பொடி சொட்டுக்குள் அசைந்து மிதக்கிறது, மயில்நிறம் மாறவில்லை.)

மைதிலி: சான்றிதழில் என்ன எழுதப் போகிறீர்கள்?

பெரியப்பா: ...

மைதிலி: கல்லைத் துடைத்துத் தரட்டுமா?

பெரியப்பா: தொடாதே! அந்த ஜன்னல் கதவை நன்றாகத் திறந்துவிட்டு, உன் பெரியம்மாவைக் கூப்பிடு. இந்தக் கல்லில் 38 வருஷமாக மஞ்சளைத் தவிர வேறொன்றையும் கண்டவனல்ல நான்; அவளும் வந்து பார்க்கட்டும். காசுமாலைப் பேச்சை மட்டும் எடுத்துவிடாதே.