கடைசிக் கட்டி

அக்னி நட்சத்திரம் முடியட்டும் என்று காத்திருந்தால் கோபம் ஆறிவிடும். அதனால் சூட்டோடு எழுதிவிடுகிறேன். மாம்பழம் போட்ட ஐஸ் மாட்சாவை வீட்டிலேயே செய்வது எப்படி என்பதுதான் விஷயம். செய்முறை கடைசியில் வருகிறது.

ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் என் அக்கா மகள், லீவுக்கு மதுராந்தகம் வந்தபோது ஒரு குட்டி மாட்சா டப்பாவைக் கொண்டுவந்தாள். விலையைக் கேட்டதும் அம்மா அதை அடுப்படியிலிருந்து எடுத்து பீரோவுக்குள் வைத்துவிட்டார். விலைக்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானில் இந்தத் தேயிலைச் செடியைப் பறிப்பதற்கு முன்னால் மூன்று வாரம் போல வெயில் படாமல் மூடி வைக்கிறார்கள். பறித்த இலையை ஆவி காட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் இயந்திரத்தில் அரைக்கிறார்கள். மணிக்கு 40 கிராம் மாவு விழுந்தாலே பெரிது. 2024-ல் உலகமே இதைக் குடிக்கக் கிளம்பியதில், கியோட்டோவின் பழம்பெரும் கடைகளே ஆளுக்கு இவ்வளவுதான் என்று ரேஷன் போட்டன. மூன்று வாரம் நிழலில் சீராட்டி வளர்த்த இலையை, மனிதனையே மூன்று மணி நேரம் நிழலில் வைக்க முடியாத ஊருக்கு, அதுவும் மே மாதத்தில் கொண்டுவந்திருக்கிறாள்.

மாம்பழத்துக்குக் குறையில்லை. பங்கனப்பள்ளி கூடையோடு இருந்தது. பொடியைச் சலித்து, கொதிக்காத வெந்நீரில் மோர் மத்தால் நுரைக்கக் கடைந்தாள். எல்லாம் ஆன பிறகு கேட்டாள்: "மாமா, ஐஸ் இருக்கா?"

ஃபிரீஸரில் ஐஸ் எங்கே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முன்வரிசையில் கல்லாகிப்போன பால் பாக்கெட். அதன் பின்னால் தேங்காய்த் துருவல், போன ஆடியில் அரைத்த மருதாணி, சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த வஞ்சிரம். ஓர் ஐஸ்கிரீம் டப்பா. அதற்குள் பச்சைப் பட்டாணி. இத்தனைக்கும் அடியில், உறைபனியோடு ஒட்டிக்கொண்டு டிரே. தோசைத் திருப்பியை விட்டு நெம்பினால் திருப்பிதான் வளைகிறது. மூச்சைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தால், 12 குழியில் ஒரே ஒரு கட்டி.

அந்த ஒன்றை ஏன் விட்டுவைக்கிறார்கள்? தாராள மனசா? இல்லை. டிரேயைக் காலி செய்தவர்தான் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும் என்று எல்லா வீட்டிலும் ஓர் எழுதாத சட்டம் இருக்கிறது. பதினொன்றை எடுத்தவர் ஒன்றை விட்டால் டிரே காலியில்லை. சட்டம் அவரைத் தொடாது. சில கைகாரர்கள் அதையும் எடுத்துக்கொண்டு, பாதி உருகிய ஒரு சில்லைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். யார் என்று விசாரித்தால், வீட்டில் ஒருவருக்கும் சில்லென்று குடிக்கும் பழக்கமே கிடையாதாம். தொண்டைக்கு ஆகாதாம். பிறகு அந்தப் பதினொன்றைக் குடித்தது யார், வஞ்சிரமா?

1842-ல் ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்கர் மெட்ராஸ் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார். இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுதான். மாசசூசெட்ஸ் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி, மரத்தூளுக்குள் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கிடந்து, உருகியது போக மிச்சம் அங்கே வந்து இறங்கியது. பாஸ்டனிலிருந்து மெட்ராஸுக்கு வந்த ஐஸ், என் வீட்டில் ஃபிரிட்ஜிலிருந்து கூடத்துக்கு வரவில்லை. இத்தனைக்கும் மதுராந்தகம் ஏரிக்குப் பேர் போன ஊர். பிளேஸ் துரை கலெக்டராக இருந்தபோது, கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் கொட்டும் மழையில் காவல் நின்றார்கள் என்பது எங்கள் ஊர்ப் பெருமை. அத்தனை பெரிய ஏரியைக் காத்தவர்களுக்கு ஒரு டிரேயைக் காப்பது பெரிய வேலையா?

ஐஸ் இல்லாமலேயே அடுக்கினாள். அடியில் மஞ்சள், நடுவில் வெள்ளை, மேலே பச்சை. எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து முடித்ததும் கலக்கச் சொன்னாள். கலக்கினால் குளத்துப் பாசி நிறம். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "கஷாயத்துல எவ மாம்பழத்தப் போட்டது?" என்றார்.

செய்முறைக்கு இடமில்லை. உங்கள் வீட்டில் அந்த ஒரு கட்டியை விட்டுவைக்கிறவர் நீங்களாக இருந்தால், பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, தயவுசெய்து போய் டிரேயில் தண்ணீர் ஊற்றுங்கள்.