நடுவசனத்தில் சிலையாகும் நாயகன்

கேள்வி: கிளவுடில் உள்ள படங்களை ஆர்குளோன் மென்பொருளால் இணைத்து ஜெல்லிஃபின் மீடியா சர்வரில் பார்த்தால், கதாநாயகன் வசனத்தின் நடுவிலேயே சிலையாகிவிடுகிறானே, ஏன்? (வாசகர், நாகல்நகர், திண்டுக்கல்)

பதில்: ஆத்தூர் காமராசர் அணையின் தண்ணீர் குழாயில் வரும் வேளைக்காகக் காத்திராமல், வந்தபோதே தொட்டியில் நிரப்பிவைத்து வேண்டியபோது மொண்டுகொள்ளும் வித்தையில் பரம்பரைத் தேர்ச்சி பெற்ற திண்டுக்கல்வாசியான தாங்களா இந்தச் சந்தேகத்தைக் கேட்பது! படத்துக்கும் அதே வித்தைதான்: ஆர்குளோனின் விஎஃப்எஸ் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) முறையை ‘ஃபுல்’ என்று நியமித்தால், வாசித்த பாகமெல்லாம் வீட்டு டிஸ்கிலேயே தங்கும்; அத்துடன் ‘ரீட் அஹெட்’ அளவை 256 எம்பி என்று வைத்தால், நாயகன் வாய் திறக்குமுன்பே அவனுடைய அடுத்த வசனம் வந்து காத்திருக்கும். கேஷுக்கு உச்ச வரம்பு குறிக்காவிடில் டிஸ்க் முழுதையும் அது அபகரிக்கக்கூடும். கேஷின் இயல்பான ஆயுள் 1 மணி நேரமே ஆதலால், அதையும் சற்று தாராளமாக நீட்டிவிடுங்கள். இத்தனைக்கும் பிறகு நாயகன் சிலையாகவே நின்றால், அது நடிப்பு; அதற்குப் பரிகாரம் ஆர்குளோனிடம் இல்லை.